கீழ் ஹோஸ்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு நாங்கள் காரின் ரேடியேட்டர் மூடியைத் திறப்போம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவருக்கு ஒரு காயமும் பட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர்கள் மாடியில், நான் கீழே. எங்கள் அப்பா அம்மா போனபோது தங்கை சின்னப் பெண். நான் பம்புசெட் கடை வைத்து அவளைப் படிக்க வைத்தேன். கட்டிக் கொடுத்தேன். மாடி எடுத்து அங்கேயே குடிவைத்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவள் காரணம் என்று ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, இரண்டொரு தடவை தவிர.

மாடியில் அவள் நடப்பது எனக்குக் கீழே கேட்கும். எப்போது அடுப்படிக்குப் போகிறாள், எப்போது கொடியில் துணி போடுகிறாள் என்று தெரியும். அது ஒரு நிம்மதி.

மாப்பிள்ளைக்கு நகரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரம். கல்லூரி நகரத்துக்கும் வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில். பஸ் கிடையாது. வண்டி இருந்தால்தான் போய்வர முடியும். வீடு பார்த்து, சாவியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த முறை பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில் வண்டி கொதித்தது.

அது நான் ஓட்டிவிட்டு அவர்களுக்குக் கொடுத்த வண்டி. ஊருக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் செய்யாது. நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டியதும் சூட்டு முள் மெல்ல நிமிரும். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

"ஊருக்குள்ள சூடானா ஃபேன் மேல பழி போடலாம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "வேகத்துல போகும்போது காத்து தானா அடிக்குது. அப்ப ஃபேன் இல்ல. தண்ணிதான் சரியா ஓடல. எங்கயோ மாட்டிக்குது."

சரியாகத்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

சூடேறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். திறந்தது. ஆனாலும் மாற்றினார். கொதித்தது. ரேடியேட்டரைக் கழுவினார், பிறகு புதிதே போட்டார். கொதித்தது. வாட்டர் பம்பை மாற்றினார். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று யாரோ சொல்ல எஞ்சினையே பிரித்தார்கள். கேஸ்கெட் நன்றாக இருந்தது. கழற்றிய சாமான்களை மாடிப்படியில் வரிசையாக வைத்திருந்தார். தங்கை துணிக்கூடையோடு இறங்கும்போது கால் இடறி விழப்பார்த்தாள்.

"இது வீடா, பழைய இரும்புக் கடையா? அத வித்துத் தலைமுழுகிட்டு வேற வண்டி பாருங்கன்னா கேக்கறீங்களா?"

"தோத்துட்டுப் போகச் சொல்றியா?"

"யாருகிட்ட? வண்டிகிட்டயா?"

அவர் மறுபடி போய் பானெட்டைத் தூக்கினார். விடை வராத கணக்கை வைத்துக்கொண்டு அவரால் சாப்பிட உட்கார முடியாது. எனக்கு அது தெரியும். அதை நம்பித்தான் இருந்தேன்.

எங்கள் தெரு மெக்கானிக்கைக் கொட்டாவி என்போம். பேசும்போது பாதியில் வாய் பிளப்பார். அவர் சொன்னார்: "வாத்தியாரே, வண்டி உங்களப் போலத்தான். வீட்டுல சாது. வெளிய கிளம்பினா சூடாயிடுது."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார். அந்த மாதங்களில் அவர் இளைத்துப்போனார். இரவில் மாடியில் நடப்பது தங்கையின் நடையாக இல்லாமல் அவருடையதாக இருந்தது. நெஞ்சைத் தேய்த்துக்கொள்வார். டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்து, எதையும் மனதில் போட்டு உழற்றிக்கொள்ளாதீர்கள் என்றார். நானும் அதையே சொன்னேன். நகரத்து வேலையை விட்டுவிட்டு இங்கேயே நிம்மதியாக இருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவர்தான் கேட்கவில்லை.

கடையில் நான் இரண்டு வகைக் குழாய் விற்கிறேன். தண்ணீரைத் தள்ளும் குழாய் வெறும் ரப்பராக இருந்தால் போதும். தண்ணீரை உறிஞ்சும் குழாய்க்குள் கம்பிச் சுருள் வேண்டும். இல்லாவிட்டால் பம்பு வேகமாக இழுக்கும்போது குழாய் சப்பிப்போய்த் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். பம்பின் வேகம் குறைந்தால் பழையபடி உருண்டையாகிவிடும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. காரில் ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ஹோஸ் அந்த இரண்டாவது வகை. எங்கள் வண்டியில் அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அவர்கள் சாவி வாங்கிக்கொண்டு வந்த வாரம் நான் அதை உருவி எடுத்தேன்.

தூக்கி எறியவில்லை. துணியில் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தேன். வண்டியின் சாமான் வண்டியை விட்டு வெளியே போகவே இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக்குகள் அந்த ஹோஸையும் கழற்றினார்கள். உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்? நிற்கும் வண்டியில் எஞ்சினை உறுமவிட்டு அடியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் மாப்பிள்ளை ஒரு முறை செய்தார். அவர் முன்னால் குனிந்துகொண்டு, "இன்னும் மிதிங்க மச்சான், இன்னும்," என்று கத்தினார். ஆக்ஸிலரேட்டரில் என் கால்தான் இருந்தது. ஹோஸ் சப்பிப்போகாத அளவுக்குத்தான் மிதித்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு மதியம் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து கிளினிக்கில் நாக்கடியில் ஒரு மாத்திரை வைத்துவிட்டு, உடனே நகரத்து இதய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"வேற வண்டி தேட நேரமில்ல. நம்ம வண்டியிலயே போயிடலாம்," என்றாள் தங்கை.

அவள் ஓட்டினாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். பின் சீட்டில் மாப்பிள்ளையின் தலை என் மடியில் இருந்தது. வேகமாப் போகாதே, நிதானமாப் போ என்று நான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவள் கேட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அவர் முனகும்போதெல்லாம் அவள் கால் அழுந்தியது. கண்ணாடியில் அவள் கண் சூட்டு முள்ளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு பானெட்டின் ஓரத்தில் ஆவி வந்தது.

சாலை ஓரத்தில் நிறுத்தினாள். டிக்கியைத் திறந்து தண்ணீர்க் கேனை எடுத்தாள். ஸ்பிரிங் சுற்றிய துணி அவள் கைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கும். எஞ்சின் கொதிக்கும்போது ஹோஸைக் கழற்ற முடியாது, அது உண்மை. ஆனால் அதற்கு அவசியமே இல்லை. கொஞ்சம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, அறுபதைத் தாண்டாமல் போனால் வண்டி நகரம் வரை போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் தெரியும் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் சாலையின் நடுவுக்கே போய்க் கை காட்டினாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். "மச்சான். கீழ் ஹோஸ்."

"பேசாதீங்க மாப்பிள்ளை."

"ரோட்டுல ஓடும்போது... அத நாம பாக்கவே இல்லையே. வேகத்துல அது..." விரல்களைச் சேர்த்து மெல்ல அழுத்திக் காட்டினார். அவர் முகத்தில் விடை வந்துவிட்ட சந்தோஷம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பம்புக் கடைக்காரனைப் பார்த்தார்.

"டாக்டர் பேசக் கூடாதுன்னாரு," என்று அவர் வாயின் மேல் கை வைத்தேன். அழுத்தவில்லை. சும்மா வைத்தேன். தங்கை திரும்பி வரும்வரை வைத்திருந்தேன்.

ஒரு வேன் நின்றது. அதில் ஏற்றினோம். மருத்துவமனை வாசலில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

அதன் பிறகு மாடியில் தங்கையின் நடை மட்டும்தான். ஆனால் அவள் நடப்பதே குறைந்துவிட்டது. சாப்பாட்டைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

சாலையில் விட்ட வண்டியைக் கொட்டாவி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார், பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சில வாரம் கழித்து, நகரத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். வண்டியில். தனியாக. அந்த வெயிலில், அதே சாலையில் அவள் தனியாக நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் தூங்கிய பிறகு ஸ்பிரிங்கை எடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் பொருத்தினேன். மாப்பிள்ளை இருந்திருந்தால் பாராட்டியிருப்பார். சுத்தமான வேலை.

காலையில் நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்பது. தொண்ணூறு. நாங்கள் அன்று நின்ற இடம் வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. நூறைத் தொட்டாள். சூட்டு முள் நடுவில் அசையாமல் நின்றது. அவளுக்கு இப்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெகுதூரம் அப்படியே ஓட்டினாள். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணா, அவரு போனதுக்கு அப்புறம் இந்த வண்டிய யாரு தொட்டது?"