மணலுக்கு ஏற்ற ஜாக்கி

ஐம்பது வயதில் ஜீப் வாங்கக் கூடாது, மேடம். அந்த வயதில் கண்ணாடி மாற்றலாம், பல் கட்டிக்கொள்ளலாம், விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் கையை வீசி வீசி நடக்கலாம். ஜீப் வாங்கினால் அதில் ஏறும்போது வண்டிக்கு முன்னால் முழங்கால் சத்தம் போடும். எனக்குப் போட்டது.

என் பெயர் கலியபெருமாள். மிஷன் வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இனியவன் இறந்த அன்று உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருப்பது அதற்காகத்தான். ஆனால் திருத்தத்தை மட்டும் தனியாகச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரனை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. எதிரில் வந்து உட்காருவார்கள், என் தோளைத் தாண்டிச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் பார்ப்பார்கள், படிப்பார்கள், போய்விடுவார்கள். இருபது வருஷம் இப்படிப் போன பிறகு ஒருநாள் ஜீப் வாங்கினேன். மேடு பள்ளம், மணல், சேறு எதிலும் போகும் வண்டி. நான் அதை வீட்டிலிருந்து கடைக்கு ஓட்டினேன்.

இனியவன்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை ஜீப்காரர்களின் கூட்டத்தில் சேர்த்தான். உழவர்கரையில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். என்னைப் போலவே பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; என்னைவிட ரொம்ப இளையவன். பார்த்த உடனே தோளில் கை போடுகிற ஆள். வாரம் ஒரு இடமாக வண்டிகளைக் கூட்டிக்கொண்டு போவான். யார் வண்டி மாட்டினாலும் முதலில் இறங்கித் தள்ளுவான். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. எனக்கும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீப் வாங்கியவனுக்கு முதல் கவலை ஜாக்கி. வண்டியோடு வருகிற ஜாக்கி தார்ரோட்டில் டயர் மாற்ற மட்டும் ஆகும். மணலில் போகிறவனுக்குக் கனமான ஜாக்கி தனியாக வேண்டும். எது நல்லது என்று நான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது பார்த்தேன், கடையில் பார்த்தேன், படுக்கையில் போர்வைக்குள் பார்த்தேன்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு காபி குடிக்கிற நேரந்தான் பாத்தீங்க. ஒரு ஜாக்கிய மாசக்கணக்கா பாக்கிறீங்க” என்றாள் என் மனைவி சந்திரகலா.

நியாயம்தான். காபி ஆறுவதற்குள் எடுத்த முடிவு இன்றுவரை நன்றாக ஓடுகிறது. மாதக்கணக்கில் யோசித்து எடுத்த முடிவுதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு நெட்டை ஜாக்கி. ஆளின் மார்பளவுக்கு இரும்புக் கம்பம், அதில் பல் பல்லாக ஏறுகிற கொக்கி, நீளமான கைப்பிடி. சிவப்பு நிறம். அதைப் பின்கதவில் மாட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் இவன் பாலைவனத்தைத் தாண்டி வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். நான் தாண்டி வந்தது நெல்லித்தோப்பு சிக்னல்.

இனியவன் கடைக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்தான்.

“ணா, உன் வண்டில முன்னாடி பின்னாடி எல்லாமே பிளாஸ்டிக்கு. இத மாட்டித் தூக்குனா பிச்சிக்கினு வந்துரும். இரும்பு பம்பர் போட்டவனுக்குத்தான் இது ஆவும். உனக்கு ஒரு பாட்டில் ஜாக்கி, அடியில போட ஒரு பலக, அது போதும்.”

அவன் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போனதில்லை. பார்க்கலாம் தம்பி என்றேன்.

பார்த்தோம். கனகசெட்டிக்குளம் கடற்கரையில், மீன் காய வைத்திருந்த மணலுக்குப் பக்கத்தில் என் வண்டி புதைந்தது. இனியவன் கயிறு எடுத்து வந்தான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நெட்டை ஜாக்கியைக் கழற்றினேன். பம்பருக்கு அடியில் கொக்கியை மாட்டி அழுத்தினேன். வண்டி எழுவதற்குப் பதிலாக ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. இன்னும் பலமாக அழுத்தினேன். பம்பர் கையோடு வந்தது. கைப்பிடி திரும்பி வந்து என் தாடையில் ஒன்று வைத்தது. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மீன் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அதில் ஒரு அம்மா எழுந்துவந்து, “நெத்திலிய நசுக்கிட்டியேப்பா” என்றார்.

இனியவன் இதை முழுக்க போனில் எடுத்திருந்தான். நாதஸ்வரம் சேர்த்துக் குரூப்பில் போட்டான். ‘ஜாக்கியபெருமாள்’ என்று தலைப்பு வைத்தான். நல்ல பெயர். நான் யோசித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

அது ஊரெல்லாம் போனது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷன் வாங்குகிற கிழட்டுச் சொல்தா ஒருவர் என் கடையில்தான் கண் பார்ப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதன்முறையாக என் தோளைத் தாண்டிப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். “மொஸ்யே ஜாக்கி” என்றார். மைத்துனன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் பெரிய திரையில் அதைப் போட்டார்கள். சந்திரகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அன்று வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிண்டல் புரியும்.

அதற்குப் பிறகு ஜாக்கியை நான் படித்தேன், மேடம். நிஜமாகப் படித்தேன். எண்ணெயின் அழுத்தத்தில் ஏறுகிற குட்டையான பாட்டில் ஜாக்கி ஒன்று வாங்கினேன். வண்டிப் புகையை ஊதி உப்ப வைக்கிற காற்றுப்பை ஜாக்கி ஒன்று வாங்கினேன். நெட்டையும் இருந்தது. மூன்றையும் வண்டியில் வைத்துக்கொண்டு, கடைக்கு விடுமுறை விட்டு, யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் வண்டியைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். எந்த மண்ணுக்கு எது, பலகை எவ்வளவு அகலம் வேண்டும், சாய்வில் எந்தப் பக்கம் கல் வைக்க வேண்டும், எல்லாம் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் என்னளவுக்கு ஜாக்கி தெரிந்தவன் யாரும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சொல்ல முடியாது. கூட்டத்தில் நான் ‘ஜாக்கி’ என்று வாயெடுத்தால் வாக்கியம் முடிவதற்குள் சிரித்துவிடுவார்கள். யாரும் என்னை ஒரு சந்தேகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு காலை இனியவனும் நானும் மட்டும் போனோம். அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டிப்போக வழி பார்ப்பதற்காக, நோணாங்குப்பத்தைத் தாண்டி ஆற்றோரச் சவுக்குத் தோப்புக்குள். அவன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். தோப்பு முடிகிற இடத்தில் அவன் வண்டியின் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. மணலுக்குள் கிடந்த பழைய மீன்வலை ஒன்று அடியில் சுழலும் தண்டில் சுற்றி இறுகிவிட்டது. கீழே படுத்துத்தான் அறுக்க வேண்டும்.

அவன் தன் பாட்டில் ஜாக்கியையும் பலகையையும் எடுத்தான். என்னைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, இரண்டையும் என்னிடம் நீட்டினான்.

“நீயே வைணா. பாப்போம்.”

நான் வைத்தேன். மணலை வாரிச் சமன் செய்து, பலகையை அழுத்தி, பின் அச்சுக்கு நேர் கீழே. வண்டி நேராக எழுந்தது. சக்கரங்கள் பள்ளத்துக்கு மேலே வந்து நின்றன.

“இரு தம்பி, சக்கரத்துக்குக் கீழ மண்ண ரொப்பிட்டு அப்பறம் உள்ள போ” என்றேன். அதுதான் முறை. ஜாக்கிக்கு ஏதாவது ஆனாலும் வண்டி பள்ளத்துக்குள் இறங்காது.

“ரெண்டு நிமிஷ வேலணா” என்று சொல்லிவிட்டு அவன் கத்தியோடு உள்ளே போனான்.

இதுவரை அன்றைக்குச் சொன்னதுதான். அடுத்து, பலகை நகர்ந்து வண்டி இறங்கிவிட்டது என்று சொன்னேன். வண்டி இறங்கியது உண்மை. அடிச்சட்டம் அவன் மார்பின்மேல் வந்து உட்கார்ந்தது.

அவன் உடனே சாகவில்லை. இது உங்களுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிலேயே தெரிந்திருக்கும். நான் பதற்றத்தில் உறைந்துபோய்விட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. நான் உறையவில்லை. என் வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து மூன்று ஜாக்கிகளையும் இறக்கி அவன் தலைமாட்டில் வரிசையாக வைத்தேன். பிறகு அவனுக்குத் தெரிகிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“எதப் போடலாம், சொல்லு தம்பி” என்றேன்.

“எதையாச்சும்... சீக்கிரம்ணா.”

எதையாச்சும் என்பது பதில் இல்லை, மேடம். ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நெட்டை ஜாக்கி இவன் வண்டிக்கு ஒத்துவரும், இரும்பு பம்பர்தான், ஆனால் ஒரு பக்கமாக இழுக்கும், கீழே ஆள் இருக்கும்போது ஆபத்து. பாட்டில் ஜாக்கி நல்ல பலம், ஆனால் இவ்வளவு தாழ்ந்துபோன அச்சுக்குக் கீழே நுழைக்க மணலைத் தோண்ட வேண்டும். காற்றுப்பைக்கு எந்தப் பள்ளமும் பிரச்சினை இல்லை, அகலமாக உட்காரும், மெதுவாகத் தூக்கும். நான் அவசரப்படவில்லை. கண் பார்க்க வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிற மாதிரி. அவன் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவன் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“நீயே சொல்லுணா” என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப் வாங்கிய நாளிலிருந்து இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன். காற்றுப்பை என்றேன். அதை விரித்து உள்ளே தள்ளி, என் வண்டியின் புகைக்குழாயில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டேன். வண்டி ஒரு பக்கமும் சாயாமல் பூ மாதிரி எழுந்தது. அவ்வளவு அழகாக ஒரு வண்டி எழுந்து நான் பார்த்ததில்லை. அவனும் பார்க்கவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

பத்திரிகையில் ஜாக்கி நழுவி வியாபாரி பலி என்று போட்டார்கள். கூட இருந்த நண்பர் சரியாகப் பொருத்தாததே காரணம் என்று நேரில் பார்த்த மாதிரி எழுதியிருந்தார்கள். சாவு வீட்டில் ஜீப்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் இன்னொருவரிடம், “அவர்கிட்டப் போயி ஜாக்கியக் குடுத்துருக்கான் பாரு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. இனியவனின் மனைவி அமுதவல்லி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு ஜாக்கி வைக்கத் தெரியாதுன்னு அவருக்கும் தெரியும்ணா. தெரிஞ்சிதான் படுத்தாரு. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க.”

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. சந்திரகலா அதைத் துக்கம் என்கிறாள். நான் மனசாட்சி என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால், விபத்து என்று நீங்களே முடித்துவைத்த ஒரு விஷயத்துக்காக நான் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

திருத்தம் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கீழே படுத்துக்கொண்டே அச்சுக்கு அடியில் கையால் தட்டிப் பார்த்தான். “சூப்பரா வெச்சிருக்கணா” என்றான். “என் போன் சீட்டுல இருக்குது, ஒரு வீடியோ எடு. ஜாக்கியபெருமாள் பாஸாயிட்டாருன்னு குரூப்புல போட்டுர்றேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். இப்போது யோசித்தால் எனக்கு அது தெரிகிறது. ஆனால் அப்போது, பாஸ் போட இவன் யார் என்று தோன்றியது. ஒரு கையில் அவன் போன் இருந்தது. இன்னொரு கை சும்மா இருந்தது.

பாட்டில் ஜாக்கியின் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை இடப்பக்கம் திருப்பினால் எண்ணெய் திரும்பி, வண்டி இறங்கும். வேகமாகத் திருப்பினால் பொத்தென்று விழும். நான் கொஞ்சம்தான் திருப்பினேன். அதனால் நிதானமாக இறங்கியது. “ணா, எறங்குதுணா” என்று அவன் சொல்கிற அளவுக்கு நேரம் இருந்தது. திரும்பவும் வால்வை மூடி, கைப்பிடியை நாலு அழுத்து அழுத்தியிருந்தால் அங்கேயே எழுந்திருக்கும். என் வண்டியிலிருந்து எதையும் எடுக்கவே வேண்டியதில்லை. ஆனால் அது அவனுடைய ஜாக்கி.

ஆகவே விபத்து என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பலகை நகரவில்லை, ஜாக்கி நழுவவில்லை. நழுவியது என்ற வார்த்தை மட்டும் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. பத்திரிகைக்காரர்களுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்.

அமுதவல்லியிடமும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், மேடம். எனக்கு ஜாக்கி வைக்கத் தெரியும் என்று.