ஃபிரிட்ஜ் வந்த மத்தியானம்

இந்த அறையில் மின்விசிறி லேசாக முனகுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் ஒலிப்பதிவு செய்கிறவள், எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண்ணுக்கு முன்னால் காது போய்விடும். உங்கள் ரெக்கார்டரைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள், பிறகு எழுதுகிறவருக்குச் சிரமம்.

பம்பரத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். அவளுடைய உண்மையான பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் படிக்கிற காலத்தில் நான் வைத்த பெயர்தான் பம்பரம். அவளைப் பற்றி டீச்சர் எடுத்த படத்தில் ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி உருகுகிறார்கள், வைத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவள் கேமரா, நான் சவுண்ட். கல்யாணம், கம்பெனி விளம்பரம், ஆவணப்படம், எதுவானாலும் ஜோடியாகத்தான் போவோம். என்னைத் தனியாக யாரும் கூப்பிட்டதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் அறையில் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் அமைதியை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வோம். ரூம் டோன் என்போம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஒவ்வோர் அறையின் அமைதியும் வேறு. பம்பரத்தால் அந்த நேரம்கூடச் சும்மா நிற்க முடியாது. செருமுவாள், சிரிப்பை அடக்கப் பார்த்துப் பீறிட்டுவிடுவாள். "மூச்சாவது விடலாமாடி, இல்ல அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்பாள். நான் மறுபடி முதலிலிருந்து எடுப்பேன். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த டீச்சர் பிறகுதான் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போன இடத்தில் அறிவியல் பாடம் எடுப்பவர் அவர். தனக்கும் படம் எடுக்க ஆசை என்றார். கொஞ்ச நாளில் பம்பரம் வாயைத் திறந்தாலே "டீச்சர் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பித்தாள். டீச்சரின் அரதப்பழசான ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய சிரிப்பை வருடக்கணக்காக ஹெட்போனில் கேட்டவள் நான். எது ஒப்புக்குச் சிரிப்பது, எது மனசிலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும். டீச்சரிடம் சிரித்த சிரிப்பு ஒன்றுகூட ஒப்புக்கு இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அன்றைக்கு மத்தியானம் அவள்தான் வரச் சொன்னாள். நான் போனபோது புது ஃபிரிட்ஜை இறக்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு ஆட்கள் அப்போதுதான் போயிருந்தார்கள். பழைய ஃபிரிட்ஜ் மாடிப்படி ஓரம் நின்றது. அது நானும் அவளும் சேர்ந்து பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது. கதவு சரியாக மூடாது, முட்டி கொடுத்துத்தான் சாத்த வேண்டும்.

"டீச்சர் செலக்ஷன். எப்படி இருக்கு?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் அந்த ஃபிரிட்ஜ் சத்தம் போட்டது. ஓட ஆரம்பிக்கும்போது 'டிக்' என்றது, பிறகு மூக்கடைத்தவர் விசில் அடிப்பதுபோல் மெலிதாக இழுத்தது. வந்த புதுச் சாமானைக் குறை சொல்ல வேண்டாமென்று சும்மா இருந்தேன்.

பிறகு அவள் சொன்னாள். "அடுத்த படம் டீச்சரோட பண்றேன்டி. சவுண்டுக்கு அவங்க தம்பி வர்றான். நீ கொஞ்ச நாள் வேற யாரோடயாவது போய்ப் பாரேன். எத்தனை நாளைக்கு என் பின்னாடியே நிப்ப? நீயும் வளரணும்ல?"

என் நல்லதுக்குத்தான் சொன்னாள். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. சொல்லிவிட்டு, விஷயம் முடிந்ததுபோல் திரும்பிக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க ஆரம்பித்தாள். என் தோளில் பை இருந்தது. பையில் மைக் கேபிள் இருந்தது. மற்றதை மருத்துவர் அறிக்கையில் எழுதியிருப்பார், அவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.

முடிந்த பிறகு கேபிளைச் சுற்றி வைத்தேன். அதை அவசரமாகச் சுருட்டினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். பிறகு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், பழக்க தோஷத்தில் ரெக்கார்டரை எடுத்து ரூம் டோன் பதிவு செய்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மறுபடி எடுக்க வேண்டி வரவில்லை.

ஃபிரிட்ஜ் கொண்டுவந்த ஆட்களில் ஒருவரை நீங்கள் பிடித்து வைத்திருந்தீர்கள். சாட்சி இல்லை என்று பிறகு விட்டுவிட்டீர்கள். அவர் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவருடைய மனைவியையும் படத்துக்காகப் பேட்டி எடுத்தோம். கணவருக்கு வேலை போய்விட்டதாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் குத்திக் காட்டுகிறார்களாம். தெருச் சத்தம் அதிகம் என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அந்தப் பேட்டி தெளிவாக வந்தது.

படம் டீச்சருடைய யோசனை. கொலை செய்தவர் யாரென்று தெரியாமல் போனாலும், போனவள் யாரென்று உலகத்துக்குத் தெரியட்டும் என்றார். "சவுண்டுக்கு உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒப்புக்கொண்டேன். அவளைப் பற்றிய படத்தில் வேறு ஒருவர் மைக் பிடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பம்பரத்தின் அம்மாவைப் பேட்டி எடுத்தோம். கேள்விக்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டார். "அவளுக்கு எல்லாமே டீச்சர்தான். கூடப் பொறந்தாகூட அப்படி இருக்க மாட்டாங்க" என்றார். மைக்கை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். என் கை ஆடவில்லை. அந்த ஃபிரிட்ஜையும் அந்த அம்மா டீச்சருக்கே கொடுத்துவிட்டார். டீச்சர் அதைத் தன் வீட்டில் வைத்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓடவிட்டிருக்கிறாராம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாராம். படத்தில் அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன்.

என்னையும் ஒரு பேட்டி எடுக்கலாமே என்று நானே ஒரு நாள் கேட்டேன். "நீ பேசப் போயிட்டா மைக்கை யாரு பிடிக்கிறது?" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை, ஒரு படம் என்றால் அதில் உண்மை இருக்க வேண்டும்.

கடைசியில் எடிட்டிங்கில் ஒரு சிக்கல். பம்பரம் தன் சமையலறையில் நின்று பாத்திரம் துலக்குகிற பழைய மொபைல் வீடியோ ஒன்று. வெளியே மோட்டார் ஓடியதில் அதன் ஒலி கெட்டுப்போயிருந்தது. வீட்டை அதற்குள் வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது, போய்ப் பதிவு செய்ய முடியாது. வேறு ஏதாவது சமையலறை ஒலியைப் போட்டால் போதும் என்றார் டீச்சர். எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் அசல் இருக்கும்போது போலியை எப்படிப் போடுவது? அன்றைய ரூம் டோனைப் போட்டேன்.

டீச்சருக்குத் தொழில் தெரியாது. ஆனால் ஸ்பீக்கரில் அந்த 'டிக்' கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"அவ வீட்டுச் சமையலறைதான் டீச்சர். அந்த ரூமேதான், வேற ரூம் இல்ல."

பெருமையாகத்தான் சொன்னேன். ஃபிரிட்ஜ் இப்போது இருக்கிற டீச்சர் வீட்டில் எடுத்தது என்று சொல்லியும் தப்ப முடியாது, என்னை அவர் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. டீச்சர் மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். விசில் இழுத்தது.

"இது என் ஃபிரிட்ஜ். அது அங்க வந்ததே அன்னைக்கு மத்தியானம்தான்" என்றார். "சாயங்காலமே போலீஸ் வீட்டைப் பூட்டிட்டாங்க."

அவர் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து கேமராவை ஸ்டாண்டில் மாட்டி என் பக்கம் திருப்பினார். மைக்கை மறந்துவிட்டார். நானே எடுத்து என் சட்டையில் மாட்டிக்கொண்டேன், ஒலி அளவைச் சரிபார்த்தேன். "சொல்லு" என்றார். அவளைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். இதைவிட நன்றாகவே சொன்னேன்.

அந்தப் பதிவைப் படத்தில் சேர்க்கப் போவதில்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம், உங்கள் ஆள் சொன்னார். எங்கேயும் என் பெயர்கூட வராதாம். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். தண்டனையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கொடுப்பதைக் கொடுங்கள். வாக்குமூலத்தில் 'பொறாமையால்' என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், கடைசி வரை அவளோடு இருந்தது டீச்சர் இல்லை, நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.