கம்மாக்கரை விரதம்

அட நில்லுங்க மாமா, வந்த காலோட கெளம்புறேண்டா எப்படி? உக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், ஒரு காலு ஆடும். இந்த டிரங்குப் பெட்டி மேல உக்காருங்க. தம்பி பெட்டிதான், மிலிட்டரிப் பெட்டி, ஆனை ஏறுனாலும் ஒண்ணும் ஆகாது. சீர்த்தட்டை இப்படிக் குடுங்க. யாத்தே, எம்புட்டுப் பழம்! பேரையூர்ல இருந்து இதையும் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டேவா வந்தீக?

தங்கப்பொண்ணா? உங்க மக வெளிய போயிருக்கா மாமா. காலையிலேயே கெளம்பிட்டா. தம்பியும் கூடத்தான் போயிருக்கான். தனியா விடுவேனா உங்க மகளை? நீங்க மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறிரும். சீனி பத்துமா?

தெரியும் மாமா, தெரியும். ஆடி பெறந்துருச்சு. புதுப் பொண்ணு புருசன் வீட்டுல இருக்கக் கூடாது, நீங்க கூட்டிட்டுப் போயி வச்சிருந்து ஆவணி பெறந்ததும் கொண்டாந்து விடுவீக. நானும் கல்யாணம் கட்டி வந்தவதானே. எங்க ஆத்தா உசுரோட இருந்திருந்தா நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள உங்க மக பையைக் கட்டிக் கையில குடுத்திருக்கும். இப்ப ஆத்தாளும் இல்ல, அய்யாவும் இல்ல. மலையாண்டிக்கு அக்கா நாந்தான் எல்லாம். அதான் நாலு வார்த்தை பேசுறேன், தப்பா நெனைக்காதீக.

அவன் லீவு என்னைக்கு முடியுதுண்டு உங்களுக்குத் தெரியும்ல? இந்த ஆடிக்குள்ளயே முடியுது. நீங்க ஆவணியில மகளைக் கொண்டாந்து விடும்போது அவன் எங்க இருப்பான்? ஜம்முல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிப்பான். அப்புறம் அடுத்த லீவு அடுத்த வருசம். அதுவும் அவுக ஆபீசரு மனசு வச்சாத்தான். கட்டுன பொண்டாட்டி மொகம் மறந்து போகாது? முகூர்த்தத்தை வைகாசியிலயே வச்சிருந்தா இந்தத் தொல்லை உண்டா? உங்க ஜோசியருதான் ஆனிக் கடைசிய விட்டா வேற நாளே இல்லைண்டு அடிச்சுச் சொல்லிட்டாரு. அவருக்கென்ன, அவரு பொண்டாட்டி அவரு வீட்டுலதானே இருக்கு.

சரி சரி, கோவிச்சுக்கிறாதீக. இந்தாங்க, முறுக்கு. கடிக்க முடியும்ல?

இந்த வீட்டையும் நீங்க ஒரு தடவை கண்ணு தொறந்து பாருங்க மாமா. ஒரே ரூமு. இதுல நான், எங்க வீட்டுக்காரரு, புள்ளைக, இப்ப அவுக ரெண்டு பேரு. வளவுக்குள்ள எட்டு வீடு, அம்புட்டுப் பேருக்கும் ஒரே கொழா. இந்தச் செவுத்துல இங்கிட்டுத் தும்முனா அங்கிட்டு இருக்கறவுக நூறு வயசுண்டு வாழ்த்துவாக. நாங்க நைசா மொட்டை மாடிக்குப் போயிப் படுத்தா, வளவே எங்களுக்கு முன்னால பாயை விரிச்சு உக்காந்துக்கிட்டு, என்ன செல்லத்தாயி கீழ புழுக்கமாண்டு கேக்குது. அந்தப் புள்ளை வெக்கத்துல விடிய விடிய என் பக்கத்துலதான் வந்து படுத்துக்கிருது. கல்யாணம் கட்டுனது எந்தம்பிக்கா எனக்காண்டு தெரியல.

ஆமா, சித்திரையில புள்ளை பெறந்துரும்கிற பயம்தானே உங்களுக்கு? அதைச் சொல்லத்தானே வாயெடுத்தேன், நீங்க எங்க சொல்ல விட்டீக.

என்னையும் எங்கய்யா இப்படித்தான் வந்து கூட்டிட்டுப் போனாரு. எமர்ஜென்ஸி வந்துச்சுல்ல, அந்த வருசம். எங்களுக்கு வாடிப்பட்டிக்கு மேக்க ஊரு. எங்க வீட்டுக்காரரு அப்ப கப்பலூர்ல லேத்துல வேலை. என்னைய பஸ் ஏத்தி விடும்போது மொகத்தை உர்ருண்டு வச்சுக்கிட்டு நின்னாரு. ஆடியில மாப்பிள்ளை மாமியா வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுல்ல? அதை அவரு கப்பலூர்ல இருந்து நல்லா யோசிச்சிருக்காரு. வாசப்படியத்தானே மிதிக்கக் கூடாது, கம்மாக்கரைய மிதிக்கக் கூடாதுண்டு யாரும் சொல்லலையேண்டு தோணிப் போச்சு.

எங்கூருக் கம்மா பெரிய கம்மா மாமா. அந்த வருசம் வாய்க்கா தண்ணி வந்து தளும்பிக் கெடந்துச்சு. மீன் குத்தகை எடுத்திருந்த சோணைமுத்து வெளியூருக்காரரு, கரையில தங்கிக் காவக் காக்க ஆள் தேடிக்கிட்டு இருந்தாரு. எங்க ஆளு கம்பெனியில வவுத்துவலிண்டு லீவப் போட்டுட்டு, லாரித் தார்ப்பாய் ஒண்ணை வாங்கிச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்து, நான் காக்குறேண்டு நிண்டுட்டாரு. வெரா மீனுக்கும் கெளுத்தி மீனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்!

எனக்கு எப்படித் தெரியும்ண்டா, வளையல் விக்கிற அம்மா வந்துச்சு. எங்காத்தா கண்ணு முன்னாலயே என் கையைப் பிடிச்சு வளையலை ஏத்திக்கிட்டே காதுக்குள்ள சொல்லுது, உம்புருசன் மருத மரத்தடியில டெண்டு போட்டு உக்காந்திருக்காண்டு. எனக்குக் கையி வேர்த்துப் போயி வளையலு வழுக்கிக்கிட்டு ஏறிருச்சு. எங்காத்தா, இந்தச் சைசு சரியா இருக்கேங்குது.

அப்புறம் என்ன, அன்னைக்குச் சாயங்காலமே நான் மொகத்தை வாட்டமா வச்சுக்கிட்டு, ஆத்தா, கம்மாக்கரை அய்யனாருக்கு நேந்திருக்கேன், கோயில்லயே தங்கி விரதம் இருக்கணும்ண்டேன். கூட யாரும் வரக் கூடாது, வந்தாப் பலிக்காதுண்டும் சொல்லிப்புட்டேன். புள்ளை வரத்துக்காடிண்டு கேட்டுச்சு. ஆமா ஆத்தா, புள்ளை வரத்துக்குத்தாண்டேன். இதுல பொய் எங்க இருக்கு மாமா, நீங்களே சொல்லுங்க. ஆத்தாளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவலும் வெல்லமும் கட்டிக் குடுத்து, திருநீறு பூசி அனுப்பி வச்சுச்சு.

சிரிக்கிறீக பாருங்க! சிரிக்கத் தெரியாதுண்டுல்ல நெனைச்சேன்.

போயிப் பாத்தா டெண்டு எங்க? தார்ப்பாய் தண்ணிக்குள்ள மெதக்குது. ஆடிக் காத்துண்டு ஒண்ணு இருக்கே, அதை இந்த மனுசன் யோசிக்கவே இல்ல. இடுப்பளவு தண்ணியில நின்னு அதை இழுத்துக்கிட்டு இருக்காரு. என்னையப் பாத்ததும் தார்ப்பாயையும் விட்டுட்டாரு. ரெண்டு பேருமாச் சேந்து இழுத்து, கருவேலங் கம்பை வெட்டி ஊண்டி, கயித்தை மரத்துல சுத்தி, ஒரு வழியா நிமித்துனோம். எனக்குச் சேலை முழுக்கச் சகதி. அவருக்கு வேட்டியே கிழிஞ்சு போச்சு.

ஆனா மாமா, அது மாதிரி நாளுக பெறகு எனக்கு வாய்க்கவே இல்ல. ஒரு வேலையும் இல்ல. கொழாயடி இல்ல, ரேசன் கடை இல்ல, மாமியா இல்ல. எந்திரிக்கிறது, கம்மாயில முங்கிக் குளிக்கிறது, மூணு கல்லைக் கூட்டி மீனைக் கொழம்பு வைக்கிறது, திங்கிறது, மரத்தடியில மல்லாந்து படுத்துக் கொக்கைப் பாக்குறது. விரதமா? அது மொத நாளே தண்ணியில போயிருச்சு. அவலை மீனுக்குப் போட்டுட்டோம்.

ஒண்ணு சொல்லுறேன், கேலி பண்ணாதீக. கல்யாணமாகி அந்தக் கரையிலதான் அவரு மொகத்தை நான் வெளிச்சத்துல நல்லாப் பாத்தேன். அதுக்கு முன்னால எல்லாம் இருட்டும் குசுகுசுப்பும்தான். நாடியில ஒரு தழும்பு இருக்கும், அது சின்னப் பிள்ளையில பம்பரம் பட்டதாம். அவரு சிரிச்சா அம்புட்டுச் சத்தமாச் சிரிப்பாருண்டே எனக்கு அங்கதான் தெரியும். வீட்டுல மாமியா பக்கத்துல படுத்திருக்கும்போது எவன் சத்தமாச் சிரிப்பான்? அந்தச் சிரிப்பைக் கேட்டப்பதான் இந்த மனுசனோட காலத்துக்கும் இருந்துக்கலாம்ண்டு எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. அது வரைக்கும் பயந்துக்கிட்டுத்தான் கெடந்தேன் மாமா. யாருகிட்டயும் சொன்னதில்ல.

மாட்டலையாவா? மாட்டாம இருப்போமா!

ஒரு நா காலையில டெண்டுக்குள்ள உக்காந்து தலைய வாரிக்கிட்டு இருக்கேன். வெளிய பேச்சுச் சத்தம் கேக்குது. காதை வச்சுக் கேட்டா, எங்கய்யா! மீன் வாங்க வந்திருக்காரு. எனக்கு உசுரு உச்சந்தலைக்கு வந்துருச்சு. சாக்கை இழுத்துப் போத்திக்கிட்டுச் சுருண்டுட்டேன். இவரு துண்டைத் தலையில இருந்து நாடி வரைக்கும் முண்டாசு கட்டிக்கிட்டு, கொரலை மாத்தி, என்ன மீனுய்யா வேணும்ங்கிறாரு. எங்கய்யா வெரா கேட்டா இவரு கெளுத்திய எடுத்துக் குடுக்குறாரு. அவரும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாரு.

வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே? போகல. தம்பி, மணி என்னாச்சுண்டு கேட்டாரு. இந்தக் கூறுகெட்ட மனுசன் கையைத் திருப்பி ஜம்முண்டு வாட்ச்சைப் பாத்து மணி சொல்லுறாரு! தங்க முலாம் போட்ட வாட்ச்சு மாமா. மாப்பிள்ளைக்குண்டு எங்கய்யா மதுரைக்கு வந்து கடை கடையா ஏறி எறங்கி வாங்கிப் போட்ட வாட்ச்சு. மொகத்தை மூடத் தெரிஞ்சவருக்கு வாட்ச்சைக் கழட்டி வைக்கத் தெரியல. கம்மாக் காவக்காரன் எவன் தங்க வாட்ச்சுக் கட்டிக்கிட்டு நிப்பான்?

எனக்கு அழுகையே வந்துருச்சு. இன்னைக்குக் கொலை விழுகப் போகுதுண்டு முடிவு பண்ணிட்டேன். எங்கய்யாவுக்குக் கோவம் வந்தா மாடே ஒதுங்கி நிக்கும்.

ஆனா எங்கய்யா சொல்லுறாரு, தம்பி, ஆடிக் காத்து இன்னும் பலமா அடிக்கும், வடக்குப் பக்கக் கயித்தை இழுத்துக் கட்டுங்க. உள்ள இருக்கற ஆளுக்கு ஈரம் ஒத்துக்காது, சின்னப் பிள்ளையில இருந்தே சளி பிடிக்கும். இந்தக் கம்பளி எனக்குப் பாரமா இருக்கு, இங்கனயே போட்டுட்டுப் போறேன், ஆவணி பெறந்து வந்து வாங்கிக்கிறேன். அம்புட்டுத்தான். மீனைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு.

வீட்டுல எங்காத்தா மீனைப் பாத்துட்டு, மக அங்க பட்டினி கெடக்குறா, உனக்கு மீன் கேக்குதாண்டு சண்டை புடிச்சிருக்கு. அவ விரதத்தை அவ பாத்துக்குவா, நீ கொழம்பை வையிண்டாராம். நான் வீடு திரும்புன அன்னைக்கு எங்காத்தா என்னையக் கட்டிப் புடிச்சுட்டு, அய்யனாரு கோயில்ல என்னடி கெளுத்தி வாடைண்டு கேக்குது. எங்கய்யா அங்கிட்டுத் திரும்பி வெத்தலை மென்னுக்கிட்டு இருக்காரு. சாகுற வரைக்கும் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல மாமா. மகளை எம்புட்டு நம்பியிருந்தா அப்படித் திரும்பிப் பாக்காமப் போக முடியும்!

ஆமா, சித்திரையிலதான் பெறந்துச்சு. மூத்தவ. அழகரு ஆத்துல எறங்குன அன்னைக்கு வலி எடுத்துச்சு, அழகம்மாள்ண்டு பேரு வச்சோம். எங்காத்தா வெரலை மடக்கி மடக்கி எண்ணுது, கணக்கு எப்படிப் போட்டாலும் ஆடியிலதான் போயி நிக்கிது. கடைசியில விரதத்துல கெடச்ச புள்ளைண்டு ஊரெல்லாம் அதுவே சொல்லிருச்சு. என்ன ஆகிப் போச்சு மாமா? வெயிலு கொஞ்சம் படுத்துச்சு. நனைச்ச துணியைச் சன்னல்ல கட்டுனோம், விசிறுனோம். அம்புட்டுத்தான். குடும்பத்துக்கு ஆகாதும்பாகளே, இவரு அந்த வருசம்தான் வேலையில நெரந்தரம் ஆனாரு. அந்தப் புள்ளைதான் இப்ப எனக்குத் தண்ணி பிடிச்சுக் குடுக்குது.

எங்க எந்திரிக்கிறீக? மணியா? உச்சி சாஞ்சிருச்சுல்ல, சரி, இனிமே சொல்லலாம்.

பதறாதீக மாமா. அந்தக் கம்மாக்கரைக்குத்தான் போயிருக்காக, மொத பஸ்ஸுக்கே நாந்தான் ஏத்தி விட்டேன். மிலிட்டரிக்காரன்ல, எங்க வீட்டுக்காரரு மாதிரி இல்ல. நல்ல கூடாரமா, ஆணி, சுத்தியலு, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் கொண்டு போயிருக்கான். உங்க மக மீன் கொழம்புக்குப் புளி எம்புட்டுண்டு எங்கிட்டக் கேட்டுக்கிட்டு ஒரே சிரிப்பு. இந்த வீட்டுக்கு வந்து அது வாய்விட்டுச் சிரிச்சதை நான் இன்னைக்குத்தான் பாத்தேன். லீவு முடியிற வரைக்கும் அங்கனதான். அவன் ரயிலேறுன மறுநாளே மகளை உங்க வீட்டுல கொண்டாந்து விட்டுருவேன். மிச்ச ஆடிய நீங்க வச்சுக்கங்க.

அத்தையா? அத்தைகிட்டச் சொல்லி என்ன பண்ணப் போறீக? முறுக்கு யாரு சுட்டதுண்டு நெனைச்சீக? தங்கச்சியப் பாக்கப் போறேண்டு நேத்து உங்ககிட்டச் சொல்லிட்டு வந்தாகல்ல, இங்கதான் வந்தாக. மகளுக்கு மொளகாப் பொடி, நல்லெண்ணெய், போர்வை எல்லாம் அவுகதான் கட்டிக் குடுத்தாக. அந்த மனுசன் முறுக்கைக் கண்டா உக்காந்துருவாரு, அதுக கூடாரம் அடிச்சு முடிக்கிற வரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருடி தாயிண்டு எங்கிட்டச் சொன்னதும் அவுகதான்.

நெசமாத்தான் போறீகளா? போங்க, யாரு தடுத்தா. வாடிப்பட்டி பஸ் இங்கன சிம்மக்கல்லுலயே நிக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாமா. கரையில ஏறும்போது நல்லாச் சத்தமா இருமிக்கிட்டே ஏறுங்க.