இரண்டும் இடது கை

– மறுபடியும் பாருங்க மாஸ்டர். நான் சொல்றது தப்பா இருந்தா என் காதைத் திருகுங்க. இது கோட்டோட இடது கை. இதுவும் இடது கை.

– எங்க, காட்டு.

– காட்டறதுக்கு என்ன இருக்கு? நல்ல பக்கத்தை மேல வெச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே பக்கம் திரும்பி நிக்குது. ஹெட்மாஸ்டருக்கு ரெண்டு இடது கைன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!

– அட போம்மா. ஏதோ கை தவறிடுச்சு.

– இருபத்திரெண்டு வருஷமா நீங்க வெட்டறீங்க, நான் தைக்கிறேன். ஒரு காலர் கோணினது கிடையாது. சனிக்கிழமை அவர் ரிடையர் ஆகறார், இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு மேடையில நிக்கணும். இந்தக் கறுப்புத் துணியோ அவர் பொண்ணு எங்கிருந்தோ வாங்கி அனுப்பினது.

– ஏதாவது பண்ணலாம்மா.

– பண்ணலாம். முதல்ல கத்திரியைக் கீழ வைங்க. இப்படி என் பக்கத்துல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும்.

– கஸ்டமர் யாராவது வந்தா?

– ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். ஒண்ணு கேக்கறேன், கத்த மாட்டேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் எங்க?

– ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னேனே.

– ரெண்டு மாசமா?

– பார்ட்ஸ் கிடைக்கலையாம்.

– கிடைச்சிடுச்சுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெடிமேட் கடையில ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம பொண்ணு ஒட்டின பூ ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கு. நல்லாத்தான் ஓடுது.

– எப்பப் பார்த்தே?

– மூணு வாரம் ஆச்சு.

– மூணு வாரமா ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

– பயந்தேன். கேட்டா பொய் சொல்லுவீங்க. பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு நுனி சிவந்துடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.

– இப்பவும் சிவந்திருக்கா?

– தக்காளி மாதிரி.

– சீட்டும்மா. போன்ல காசு வெச்சு ஆடற சீட்டு.

– தெரியும்.

– அதுவும் தெரியுமா!

– வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டே போனைப் பாக்கறவர் நீங்க ஒருத்தர்தான். பாத்ரூமுக்குப் போனா அரைமணி நேரம். ஒரு நாள் பல்லெல்லாம் தெரிய வந்து எனக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்தீங்க. மறுவாரமே பேட்டரி மாத்தணும்னு கழட்டிட்டுப் போனீங்க. போன வாட்ச் போனதுதான்.

– சிரிக்காதம்மா. எனக்கு அழுகை வருது.

– நானும் அழறதுக்குப் பதிலாத்தான் சிரிக்கிறேன். எப்படி ஆரம்பிச்சுது?

– மழை விடாம பேஞ்சுதே, கடையில ஆளே இல்லாம, அப்ப. சும்மா உக்காந்திருந்தேன். முதல் ஆட்டமே ஜெயிச்சுட்டேன், அதான் விஷயமே. தோத்திருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். அப்புறம் போனதைப் பிடிச்சுட்டா போதும், பிடிச்சதும் நிறுத்திடலாம்னு தோணும். நாலு தரம் போன்லேருந்தே அழிச்சேம்மா அதை. நாலு தரமும் நானே திரும்பப் போட்டேன். துணியில கோடு போடறப்பகூட கண்ணுக்குள்ள சீட்டுதான் ஓடுது. இத்தனை வருஷம் கத்திரி பிடிச்ச கை இது, என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

– அந்தக் கையை இங்க கொடுங்க.

– சாக்பீஸ் தூசிம்மா, விடு.

– இருக்கட்டும். நாளையிலேருந்து விட்டுடறேன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குச் சத்தியமெல்லாம் வேணாம். பெரியாஸ்பத்திரியில இதைப் பாக்கறதுக்குன்னே ஆள் இருக்காங்களாம். மருந்துக்கடை அண்ணிகிட்ட விசாரிச்சேன்.

– அண்ணிக்குத் தெரியுமா? போச்சு.

– எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குன்னுதான் கேட்டேன். உண்மைதானே, உங்களை எனக்குத் தெரியும்தானே? வேணாம்னு சொல்லாதீங்க. சக்கரை ஏறினப்ப டாக்டர்கிட்ட போனோம். இதுக்கும் போறோம்.

– வேணாம்னு நான் சொல்லலையே.

– சொல்லலையா? மல்லுக்கு நிப்பீங்கன்னு பதிலெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேனே!

– உள்ள போய் என்னன்னு சொல்றது?

– இப்ப என்கிட்ட சொன்னதைச் சொல்லுங்க. வியாழக்கிழமை கடை லீவு. நான் கூட வரேன். உள்ள வான்னா உள்ள வரேன், வெளிய இருன்னா பெஞ்சில உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் போன் என்கிட்ட இருக்கட்டும்.

– எடுத்துக்கோ. பூட்டு நம்பர் உன் பிறந்த நாள்.

– சீட்டாடறதுக்கு என் பிறந்த நாளா! நல்லா இருக்கு போங்க.

– கோபமா?

– இல்லாம? ரெடிமேட் கடை வாசல்ல நின்னு அழுதேன், போறவங்க வரவங்க பார்க்க. அவ்வளவு கோபம். உங்களை விட்டுட்டுப் போற அளவுக்கு இல்ல, அவ்வளவுதான். மெஷினை அப்புறம் பார்த்துக்கலாம். ஹெட்மாஸ்டருக்கு என்ன பதில் சொல்றது, அதை முதல்ல சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்துல மடிச்ச துணியை... இருங்க. இருங்க.

– என்ன?

– துணியை ரெண்டா மடிச்சு வெச்சுத்தானே கை வெட்டுவீங்க?

– ஆமா.

– மடிச்சு வெட்டினா ஒண்ணு இடது, ஒண்ணு வலதுன்னு தானா வந்துடுமே. கண்ணை மூடிக்கிட்டு வெட்டினாலும் ரெண்டு இடது வராது. மடிப்பைப் பிரிச்சு, நல்ல பக்கம் பார்த்து, ஒண்ணொண்ணா வெட்டினாத்தானே இப்படி வரும்?

– ஹெட்மாஸ்டரோட சரியான கை ரெண்டும் மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கும்மா, இது ஒரு வக்கீல் கோட்டுல மிஞ்சின கறுப்புத் துணி. போன வாரமே அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணிட்டேன், முதல்ல வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்கன்னாங்க. அஞ்சு நாளா உன் முன்னாடி வந்து வந்து நின்னேன், வாய் வரல. தப்பா வெட்டினா நீ என்னைக் கேக்காம விடமாட்டே, அதான் வேணும்னே வெட்டினேன்.