ஆஃப்னு காட்டுது

— தொடாதீங்க! வயரத் தொடாதீங்க! கைய எடுத்துட்டீங்களா?

— என்ன லின்சி, போன எடுத்ததுமே கத்துற? எலி கடிச்ச எடத்துல ஜாயின்ட் போட்டுக்கிட்டிருக்கேன். தண்ணியில்லாம நாத்து காயுது.

— கைய எடுத்துட்டீங்களான்னு கேட்டேன்!

— எடுத்துட்டேன்டி. வரப்புல உக்காந்துட்டேன், போதுமா?

— மோட்டார எதுல நிப்பாட்டினீங்க? போன் ஆப்லயா?

— ஆப்லதான். வீட்லேர்ந்து கெளம்புறப்பவே. உன் போன்லயும் காட்டுமே.

— ஆஃப்னுதான் காட்டுது. அதாங்க பயமா இருக்கு. ஆப்ப பத்தி ஒருத்தர் எழுதியிருக்காரு, கேளுங்க. 'ஆஃப்னு காட்டும், நம்பாதீங்க. கரண்டு போயிட்டு வந்தா மோட்டார் தானா ஓடும். வயர் ஒட்டிக்கிட்டிருந்த எங்க அண்ணன தூக்கி அடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில கெடக்காரு.' ஒத்த ஸ்டாருதான் போட்டிருக்காரு. மாதாவே, இப்பதான் இதப் படிச்சேன், ஒடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

— வேற கம்பெனிக்காரன் எழுத வெச்சிருப்பான். ஸ்டாரு போடுறவனுங்கள எல்லாம் நம்பிக்கிட்டு!

— நீங்களும் போட்டிருக்கீங்களே. மேல மொத ஆளா, போட்டோவோட, ரெமிஜியஸ்னு. அஞ்சு ஸ்டாரு.

— அதுவா... போட்டா மூணு மாசக் கட்டணம் ஓசின்னான் கம்பெனிக்காரன்.

— 'ஆப்ல ஆஃப் பண்ணிட்டு தைரியமா வயரத் தொடுறேன். ஃபியூஸ் கட்டையப் புடுங்குறதே இல்ல'ன்னு எழுதியிருக்கீங்க. நெசமாவாங்க? பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல. போயி கட்டையப் புடுங்கிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

— அழாத. இங்க பாரு, அழாத. கட்டை மூணும் என் மடியிலதான் இருக்கு.

— என்னது?

— மோட்டார் கொட்டாயிலயே புடுங்கி மடியில கட்டிக்கிட்டுத்தான் வயர்கிட்ட வருவேன். ஒரு நாளும் தவறுனதில்ல. அந்த ஆப்ப நம்பி எவன் கைய வெப்பான்? எனக்கே ரெண்டு தடவ தானா ஓடிடுச்சு.

— ஓடிடுச்சா? ஒரு வார்த்தை சொல்லல?

— அடம் புடிச்சு வாங்கினவன் நான். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— அப்புறம் ஏங்க அப்படி எழுதினீங்க?

— ஒரு வரி மட்டும் எழுதுனா ஓசி கெடையாதுன்னான். கொஞ்சம் அளந்து விட்டேன். நம்ம எழுதுறத யாரு படிக்கப் போறா... லின்சி? நான் நல்லாத்தான் இருக்கேன் தாயி.

— காலையில நம்ம தெரு ரெத்தினம் அண்ணன் வந்தாருங்க. அவரும் போன வாரம் இதே ஆப்பத்தான் போட்டாரு. அவரு வயரையும் எலி கடிச்சிருக்காம். 'ஆப்ல ஆஃப் பண்ணா போதுமாம்மா, கட்டையையும் புடுங்கணுமா?'ன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— எனக்கு என்னங்க தெரியும்? நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டினேன்.

— லின்சி...

— 'ரெமிஜியஸே எழுதியிருந்தா அப்புறம் என்னம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே வயலுக்குப் போனாரு. போயி ஒரு மணி நேரம் ஆச்சுங்க.