வட்டம் விழாத கன்னம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, என் தம்பியோடு காலமெல்லாம் சண்டை போட்டும் அவன் பட்டறையை விட்டுப் போகாத அறுவை மருத்துவர் அவர்களே, ஆஸ்பத்திரி நிர்வாகி அவர்களே, அழ மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் என் தம்பி மனைவியே, பட்டறைத் தோழர்களே, ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களே, மழைக்கு ஒதுங்க உள்ளே வந்து, எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மேடை ஏறியதிலிருந்து நீங்கள் எல்லோரும் என் இடது கன்னத்தையே பார்க்கிறீர்கள். பூச்சி கடிக்கவில்லை. வழுக்கி விழவும் இல்லை. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் தம்பியைப் பற்றிப் பேசியதை யாரும் கேட்க மாட்டீர்கள்.

இதோ இந்த மேசையில், துணி போட்டு மூடிய தட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் என் தம்பி கடைசியாகச் செய்த கருவி இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கானது. நான் பேசி முடித்ததும் தலைமை மருத்துவர் துணியை விலக்கி, நாளை முதல் குழந்தைகள் பிரிவில் இது வேலை செய்யும் என்று அறிவிக்கப் போகிறார். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சொன்னால் உங்கள் மனம் நோகுமோ என்று காலையிலிருந்து எனக்குத் தவிப்பு. ஆனால் அவனுக்கு அக்காவாகப் பிறந்துவிட்டேனே, என்ன செய்வது?

பேனரில் 'கருவிச் செம்மல்' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல பட்டம். அவன் உயிரோடு வந்து பார்த்திருந்தால், இறந்தது வேறு யாரோ என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். உங்களுக்கு அவன் யார்? 'வட்டம் சார்'. தியேட்டரில் முதல் நாள் வேலைக்கு வரும் செவிலிக்குக்கூட அவன் சொந்தப் பெயர் தெரியாது, வட்டம் சாரைத் தெரியும். கன்னத்தில், கழுத்தில், முன்கையில், எங்காவது ஒரு சிவப்பு வட்டம் இல்லாமல் அவனை யாராவது பார்த்ததுண்டா?

அந்த வட்டம் எப்படி வந்தது?

சின்ன வயதில் எங்கள் அம்மா எங்கள் இருவருக்கும் பழச்சாறு கொடுத்தால் ஆளுக்கொரு உறிஞ்சுகுழல் தருவாள். என் குழலில் எவ்வளவு இழுத்தாலும் சாறு வராது. வெறும் காற்று வரும். நான் கன்னம் ஒட்ட இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டு, "என்னக்கா, உனக்கு வேண்டாமா?" என்று என்னுடையதையும் எடுத்துக்கொள்வான். பிறகுதான் கண்டுபிடித்தேன், என் குழலில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறான். ஒரு சின்ன ஓட்டை இழுக்கிற வேகத்தையே கொன்றுவிடும் என்பதை என் தம்பி அக்காவின் வயிற்றெரிச்சலில் கற்றுக்கொண்டான். பின்னாளில் அவனுக்குச் சோறு போட்டதும் அதே ஓட்டைதான்.

அவன் படித்து முடித்து ஆபரேஷன் கருவிகள் செய்கிற பட்டறையில் சேர்ந்தான். ஒருநாள் அங்கே, இதோ இந்த அறுவை மருத்துவர், கோபமாக வந்தார். வயிற்றைத் திறந்து வேலை செய்யும்போது உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இரத்தத்தையும் அந்தத் தண்ணீரையும் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் எங்கே கசிகிறது என்று தெரியாது. இரண்டுக்கும் வேறு வேறு குழாய்.

"தண்ணி விட ஒரு கை, உறிஞ்ச ஒரு கை. அப்ப ஆபரேஷன யாரு பண்றது, எங்க மாமியாரா?" என்றார் மருத்துவர்.

"உங்க கையில எது சும்மா இருக்கு டாக்டர்?" என்று கேட்டான் என் தம்பி.

"எதுவும் சும்மா இல்லய்யா. அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கட்டை விரல்?"

மருத்துவர் தன் கட்டை விரலை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கைப்பிடி. ஒரே குழாய், இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் தண்ணீர் போகும், மற்றதை அழுத்தினால் உறிஞ்சும். இரண்டுக்கும் ஒரே கட்டை விரல்.

கைப்பிடி சீக்கிரம் ஆகிவிட்டது. நுனிதான் ஆகவில்லை. குழாய் இரத்தத்தை மட்டும் உறிஞ்சினால் போதாதா? அதற்குத் தெரியாதே. பக்கத்தில் குடல் இருந்தால் குடலைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு இருந்தால் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். விடாது. கடன்காரன் சட்டையைப் பிடித்த மாதிரி. அதற்குத்தான் அவன் நுனியின் மேல் ஓர் உறை போட்டு, சுற்றிலும் பொடிப்பொடியாக ஓட்டை போட்டான். ஒரு ஓட்டையைச் சதை மூடினாலும் மற்ற ஓட்டைகள் மூச்சு விடும். பிடி தளரும். என் பழச்சாறு வீண்போகவில்லை.

ஓட்டை எத்தனை, எவ்வளவு பெரிது, எங்கே? அது தெரிய வேண்டுமே. வீட்டில் பால் காய்ச்சி ஆறவைப்பான். மேலே ஆடை படிந்ததும் குழாயை ஓரமாக உள்ளே விட்டு, ஆடை கிழியாமல் அடியிலிருக்கும் பாலை எல்லாம் இழுப்பான். ஆடை கிழிந்தால் குழாய் குப்பைக்கு. கிழியாவிட்டால் அடுத்த தேர்வு, தன் தோல். நுனியைக் கன்னத்தில் வைத்துப் பொத்தானை அழுத்துவான். வட்டம் விழுந்தால் மறுபடி பட்டறைக்கு. அந்த வீட்டில் பல வருடம் டீயில் ரப்பர் வாசம் வந்தது. விருந்தாளிகள் நாகரிகமானவர்கள், குடித்துவிட்டு மறுமுறை வராமல் இருந்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணி, நீங்க உடனே வரணும். உங்க தம்பி கழுத்துல ஒரு வட்டம் இருக்கு."

"என்ன வட்டம்மா?"

"எப்படிண்ணி நான் என் வாயால சொல்லுவேன்?"

நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவனை நாற்காலியில் உட்காரவைத்தேன். கழுத்தில் வட்டம் இருந்தது, பொட்டு வைத்த மாதிரி.

"யாருடா அது?" என்றேன்.

"ஏழாவதுக்கா" என்றான், பெருமையாக. "ஆறாவது இத விட மோசம்."

அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அவன் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஏழாவதை எடுத்தான். விரல் நீளக் குழாய். மேசையிலிருந்த உறிஞ்சும் பம்பில் அதை மாட்டி, என் மணிக்கட்டில் வைத்து ஓடவிட்டான். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கையில் அதே வட்டம். அவன் மனைவி என் கையைப் பார்த்தாள், அவன் கழுத்தைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்து முடித்ததும் என்ன செய்தாள் தெரியுமா? குழாயை வாங்கித் தன் கையிலும் வைத்துப் பார்த்தாள். "நுனியோட ஓரம் கூரா இருக்குங்க. ஓட்டைய மட்டும் பார்த்தா போதுமா, ஓரத்த யாரு மழுக்குறது?" என்றாள். ஏழு குழாய் செய்தவனுக்கு அது தோன்றவில்லை. அன்றிலிருந்து கடைசி நாள் வரை ஓரம் தேய்க்கிற அரம் அவள் கையில். அவள் சரி என்று சொல்லாத ஒரு கருவிகூட அந்தப் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. கழுத்தில் மட்டும் வைக்கக் கூடாது என்று சட்டமும் போட்டாள்.

பிறகு இந்த ஆஸ்பத்திரியில் கருவியைக் காட்டும் நாள் வந்தது. இதே மண்டபம். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் இரத்தத்துக்குப் பதில் தக்காளிச் சாறு. வரிசையாக மருத்துவர்கள். அப்போதிருந்த தலைமை மருத்துவர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று குனிந்தார். அவருடைய வெள்ளைப் பட்டு டை பொறுமையாக, யாரும் அழைக்காமலே, கிண்ணத்துக்குள் இறங்கியது.

நான் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி வேலை போச்சு என்று நினைத்தேன். அவன் டையை மெதுவாக வெளியே எடுத்தான். ஒரு பொத்தானை அழுத்தித் தண்ணீர் விட்டான். மறு பொத்தானை அழுத்தி உறிஞ்சினான். கழுவினான், உறிஞ்சினான். டை சிவப்பிலிருந்து ரோஸாகி, ரோஸிலிருந்து ஏறக்குறைய வெள்ளையாகி, பிழிந்த துணி போல அவர் மார்பில் மறுபடி தொங்கியது.

"டைக்கு மன்னிக்கணும் சார்" என்றான்.

"டை கிடக்கட்டும்யா" என்றார் அந்தப் பெரிய மனிதர். "பட்டுத் துணி எவ்வளவு மெல்லிசு. அத ஏன் உன் குழாய் உள்ள இழுக்கல?"

எவ்வளவு சரியான கேள்வி! பத்துப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, நனைந்த கழுத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால்தான் அவர் தலைமை மருத்துவர். அன்றே தியேட்டருக்குள் போன கருவி இன்றும் அங்கே இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் வயிற்றுக்குள் அது போய்வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மயக்கத்தில் இருந்தீர்கள்.

இனி என் பேத்தியைப் பற்றி. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் மகள் மூன்றாவது வரிசையிலிருந்து கண்ணால் மிரட்டுகிறாள். கொஞ்சமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, நீச்சலில் கோப்பை, கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு விட்ட கணக்கையெல்லாம் அவள் சேர்த்துப் போடுகிறாள். போதும்.

அவள் பிறந்தபோது வாயில் நீர் அடைத்து அழவில்லை. மருத்துவர்கள் உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு அழுதாள். அன்று தொடங்கியவள் இன்னும் வாயை மூடவில்லை. என் தம்பி, அவளுடைய அம்மாவுக்குத் தாய்மாமன், பார்க்க வந்தான். குழந்தையின் கைவிரலை எண்ணவில்லை, கால்விரலை எண்ணவில்லை. உதட்டோரத்தைப் பார்த்தான். அங்கே ஒரு சின்னச் சிவப்பு வட்டம்.

"ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் மருத்துவர். உண்மைதான், போய்விட்டது.

"போறது ஏன் டாக்டர் வரணும்?" என்றான் என் தம்பி.

அன்று தொடங்கியதுதான் இந்தத் தட்டில் இருக்கிற கருவி. பிறந்த குழந்தையின் தோல் பாலாடையை விட மெல்லிசு. வாலிபத்தில் என்றால் அவன் கன்னம் அதற்கு உதவியிருக்காது, தோல் தடிப்பு. வயதாக ஆகத்தான் அவன் முகம் தொங்கி மெலிந்தது. எல்லோரும் அதற்கு வருத்தப்படுவார்கள். அவன் கண்ணாடி முன் நின்று கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "அக்கா, இப்பதான் என் மூஞ்சி வேலைக்கு ஆகுது" என்று சந்தோஷப்பட்டான். "பல்லு முளைக்காத வயசுக்கும் பல்லு விழுந்த வயசுக்கும் தோலு ஒண்ணுதான்க்கா." போன மாதம், மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறை நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கடைசியாக முகம் பார்க்க வந்த உறவினர் சிலர், கன்னத்தில் அது என்ன என்று அவன் மனைவியிடம் கேட்டார்கள். "வேலை" என்றாள்.

இன்று காலை நானும் அவளும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்: "ஏம்மா, சாயங்காலம் அத வெளியிடுறாங்களே, அவன் முடிஞ்சிடுச்சுன்னு உங்கிட்ட சொன்னானா?"

"சொல்லலயே அண்ணி. நானும் சரின்னு சொல்லல."

"அப்ப அங்க சொல்ல வேண்டியதுதான?"

"பேனர் போட்டுட்டாங்க. அவர் பேர்ல விழா மாதிரி பண்றாங்க. நான் எப்படிண்ணி வேணாம்னு சொல்றது? துக்கத்துல சொல்றேன்னு நினைச்சுப்பாங்க."

காபியை அப்படியே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனோம். பால் காய்ச்சினோம். ஆடை கிழியவில்லை, அதில் தேறிவிட்டது. அடுத்த தேர்வுக்கு அவன் கன்னம் இல்லை. "உனக்குத் தோலு இன்னும் முறுக்கா இருக்கு, நீ தள்ளு" என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் சாய்ந்த அதே நாற்காலி. என் கன்னத்தை நீட்டினேன். பொத்தானை அழுத்தினாள்.

இதோ. இதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கறிக்கடையில் ஆட்டுத் தொடையில் முத்திரை குத்தின மாதிரி.

தலைமை மருத்துவர் அவர்களே, உங்கள் அன்பு பெரிது. என் தம்பிக்கு மரியாதை செய்ய நினைத்தீர்கள். ஆனால் அவனுக்கு எது மரியாதை? பட்டமா? பேனரா? துணி போட்ட தட்டா? வட்டம் விழுகிற ஒரு கருவி அவன் பெயரில் ஒரு குழந்தையின் வாய்க்குள் போனால், அதுதான் அவனுக்கு நாம் செய்கிற அவமரியாதை. ஆகையால், சபை மன்னிக்க வேண்டும், இந்தத் தட்டைத் திறக்காதீர்கள்.

அறுவை மருத்துவர் தலையாட்டுகிறார். அவர் என் தம்பி சொன்னதற்கு உடனே தலையாட்டி நான் பார்த்ததில்லை. நன்றி டாக்டர். இதை அவன் பார்த்திருக்க வேண்டும்.

என் தம்பி மனைவியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வா. வந்து தட்டை எடுத்துக்கொள். பட்டறை நாளை திறக்கும். ஓட்டை போட ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், ஓரம் தேய்க்க நீ இருக்கிறாய், குறை சொல்ல டாக்டர் இருக்கிறார், பால் காய்ச்ச அடுப்பு இருக்கிறது. கன்னத்துக்கு நான் இருக்கிறேன். இடது கன்னம் சலித்துப்போனால் வலது இருக்கிறது. எனக்குப் பிறகும் இந்த ஊர்க் கிழவிகளுக்கு என்ன பஞ்சமா? கடைசி வரிசையில் மழைக்கு ஒதுங்கியிருக்கும் அந்த அம்மாளுக்குக்கூட நல்ல கன்னம்.

நான் ஒருநாள் மறுபடி இந்த மேடைக்கு வருவேன். அன்று பேச மாட்டேன். வந்து உங்கள் முன் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவேன். என் கன்னத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையென்றால், அப்போது அந்தத் தட்டைத் திறந்துவிட்டுக் கைதட்டுங்கள்.