கோர்டியின் கிளீன் சேனல்

கண்ணாடி வால்வைத் தட்டிப் பார்ப்பதற்குப் பென்சில்தான் நல்லது, அதுவும் ரப்பர் வைத்த பின்பக்கம். ஸ்க்ரூடிரைவரால் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்காருங்கள், டெபுடி. அந்த நாற்காலி வேண்டாம், ஈயம் சொட்டியிருக்கிறது. நான் நின்றுகொண்டே பேசுகிறேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடத் தோன்றுகிறது.

போலீஸ் உடுப்போடு நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை பெர்னடீனின் மதுக்கடையில், வறுத்த மீன் பரிமாறுகிற நேரத்தில், என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரும் கைதட்டப் போகிறார்கள். ஏரியில் கோர்டியைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டுக்காக. நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். நீங்கள்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள்.

மேசையில் திறந்து கிடப்பது கோர்டி லெமான்ஸ்கியின் ஆம்ப், அவன் கிடாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டி. கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அதை வடித்துவிட்டுத்தான் நாங்கள் தொடுவோம். அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இருந்திருந்தால் இந்தப் பெட்டியே போதும், ஏரிவரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. அதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு சேனல். ஒன்றில் கிடார் கரகரவென்று உறுமும். மற்றது கிளீன் சேனல், தந்தியைத் தொட்டால் தொட்டது மட்டும்தான் கேட்கும். தப்பை ஒளித்துவைக்க அதில் இடமே கிடையாது. கோர்டி இத்தனை வருஷமாகப் பெர்னடீன் கடையில் வாசித்தது இதில்தான். நடனம் ஆட வருகிற கிழடுகள் எல்லாம் அவன் கையைப் பாராட்டும். அந்த ஒலியை அப்படி வைத்திருந்தது யார் கை என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மேடையேற ஒரு ஆள் என்றால் பின்னால் ஒரு ஆள் வேண்டும்தானே.

போன குளிர்காலத்தில் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டேய் வெர்லின், கிளீன் சேனல் செத்துக்கிட்டு இருக்குடா. மத்தது நல்லாக் கத்துது. இது மட்டும் கம்பளிக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

அவன் சொன்னது சரிதான். முதல் வால்வைக் கழற்றி, நல்லதென்று எனக்குத் தெரிந்த ஒன்றைப் போட்டேன். மாற்றமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். பிறகு பின்பக்கம் எக்கோ பெட்டியைச் செருகும் இரண்டு துளைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்தேன். ஒலி குபீரென்று எழுந்தது. சும்மா கிடந்து கிடந்து உள்ளே இருந்த தகடு கறுத்துவிட்டிருந்தது. கரகரக்கும் சேனலில் பலம் அதிகம், அதனால் அங்கே குறை தெரியவில்லை. துடைத்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது.

அடுத்த வாரமே திரும்பி வந்தான். இன்னும் குறைவாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிற ஒன்றைச் சரிசெய்யச் சொன்னால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பாடு இறங்காது. மனைவி இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாள். நல்ல பாகங்களைக்கூடக் கழற்றி வீசிவிட்டுப் புதிது போட்டேன். எடுத்துக்கொண்டு போனான். அந்த வெள்ளிக்கிழமை கடையில், பிராந்திக் கோப்பையும் கையுமாக எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"நம்ம வெர்லினுக்கு வயசாயிடுச்சுப்பா. ஓட்டை எங்கன்னு தேடித் தேடி அவனே அதுக்குள்ள விழுந்துட்டான்."

"ஏம்ப்பா கோர்டி, வாயை மூடிக்கிட்டு மீனைத் தின்னு," என்றாள் பெர்னடீன். "நீ வாசிக்கிறதை இத்தன வருஷம் தாங்கிக்கிட்டவன் அவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதத்திலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்கள் தங்கள் ஆம்ப்களை மினியாப்பொலிஸுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்லவேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை வந்தபோது அவனை இங்கேயே உட்கார வைத்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். இதோ, இந்தப் பெட்டி ஒரே சுருதியை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைக் கிளீன் சேனலில் செருகினேன். பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்னத் திரையில் ஒலி அலையாகத் தெரியும். குமிழைத் திருகத் திருகச் சுருதி மேலே மேலே போகும். அவன் பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது, காபி குடித்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் கையைத் தூக்கினான்.

"பாத்தியா, நின்னு போச்சு. இங்கதான்டா சேனல் சாகுது."

ஒலி நிற்கவில்லை. திரையில் அலை முழுசாக நின்றுகொண்டிருந்தது. என் பல் கூசும் அளவுக்குக் கீச்சென்று அறை முழுக்க நிறைந்திருந்தது. அவன் அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு காபியை ஊதிக் குடித்தான். குமிழை இறக்கினேன், "இப்ப வருது" என்றான். ஏற்றினேன், "போச்சு" என்றான். சேனலில் குறையே இல்லை. நான் செய்த வேலையில் குறையே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். இறக்கைதான் முளைக்கவில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோர்டி, உன் காதில்தான் கோளாறு, நகரத்துக்குப் போய் டாக்டரைப் பார், இப்போதே பார்த்தால் இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று. வார்த்தை நாக்குவரைக்கும் வந்துவிட்டது. அவன் முந்திக்கொண்டான்.

"இப்பவாவது ஒத்துக்கோடா. உன்னால முடியல."

"சரி கோர்டி. பாக்குறேன்," என்றேன்.

அவ்வளவுதான். அவன் கேட்டதைக் கொடுத்தேன். மேல் சுருதிகளை அடக்கி வைத்திருந்த ஒரு சின்னப் பாகத்தைக் கழற்றினேன். பழைய ஸ்பீக்கருக்குப் பதிலாக இரண்டு மடங்கு அலறும் ஒன்றைப் பொருத்தினேன். பெட்டியை மல்லாக்கச் சாய்த்து நிறுத்த இரண்டு கால்களும் வைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. தரையைப் பார்த்திருந்தால் ஒலி முழங்காலோடு போய்விடும். சாய்த்து வைத்தால் நேராக வாசிக்கிறவன் காதுக்கு வரும். கோர்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "இப்பதான்டா உயிர் வந்துச்சு," என்றான். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தான்.

கோடையில் திரும்ப வந்தான். மறுபடியும் குறைந்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். இலை உதிரும்போதும் வந்தான். பெர்னடீன் முன்வரிசை மேசைகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள், அங்கே உட்கார்ந்து பேச முடியவில்லை என்று. அந்தச் சத்தம் ஒரு மனிதனின் காதை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். இந்தத் தொழிலில் அது தெரியாதவன் கிடையாது. ஆனால் கேட்டது அவன். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டி உங்கள் காதைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

அவன் மனைவி லவோன் ஒருநாள் மளிகைக்கடையில் என்னை நிறுத்தினாள்.

"வெர்லின், நம்ம கோர்டிக்குக் காது மந்தமாயிடுச்சோன்னு பயமா இருக்கு. கெட்டில் விசிலடிச்சுக்கிட்டே கெடக்கு, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறார். நான் அடிக்குரல்ல அதட்டுனா மட்டும் உடனே திரும்புறார்."

"கிடார்காரன் காது, அதுக்கு என்ன ஆகும்? பொண்டாட்டி சொல்றது எந்த ஆம்பளைக்குத்தான் கேக்குது," என்றேன்.

அவள் சிரித்தாள். நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். அவளைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஏரி விஷயம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏரி உறைந்ததும் முதலில் அதன்மேல் நடக்கிறவன் கோர்டிதான், எப்போதும். மற்ற ஊர்களில் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். நம் ஊரில் கோர்டி நடந்து, நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பான். தடித்த பனி அடிவயிற்றிலிருந்து முனகும். மெல்லியது மேல் சுருதியில் கீச்சிடும். அவன் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினால்தான் மற்றவர்கள் பனியில் துளைபோட்டு மீன்பிடிக்க உட்காரும் குடிலை இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். பெரிய பெருமை அவனுக்கு அதில். ஊருக்கும்தான். பனியின்மேல் ஒரு ஊரே ஒரு மனிதனின் காதை நம்பி இறங்குகிறது என்பது எவ்வளவு மடத்தனம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை, நல்ல வெயில். நான் கரையில் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மேட்டில் அர்டெல் மோ தன் வண்டியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். கோர்டி பனியில் இறங்கிக் கொஞ்சதூரம் போனான். பனி கீச்சிட்டது. கரையில் நின்ற எனக்கே கேட்டது, சாட்டை சொடுக்கியதுபோல் அவன் காலடியிலிருந்து ஓடி அக்கரைவரைக்கும் போனது. அவன் நின்றான். தலையைச் சாய்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். மறுபடி முன்னே நடந்தான்.

இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். விடாமல் அடித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அர்டெல் மேட்டிலிருந்து ஓடிவந்தான். பாவம் வெர்லின், முகம் சிவக்கச் சிவக்க விசிலடித்தான் என்று அவன் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவனே உங்களிடம் இன்னொன்றும் சொன்னான், நீங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை. கரைக்கு வந்ததும் அர்டெல் ஒரே ஒருமுறை "ஏய் கோர்டி" என்று கத்தினான். சர்ச்சில் கட்டைக்குரல் பாடுகிறவன் அவன். கோர்டி உடனே திரும்பினான். திரும்பின இடத்திலேயே பனி உடைந்து உள்ளே போனான். அதற்குள் அவன் ரொம்ப தூரம் போயிருந்தான்.

என் குரலும் கட்டைதான், கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள். வண்டியின் ஹாரன் கையெட்டும் இடத்தில் இருந்தது, அதுவும் கனத்த ஹாரன். முதல் கீச்சு கேட்டபோது கத்தியிருந்தால் பத்தடியில் திரும்பி வந்திருப்பான். எந்தச் சுருதிக்கு மேல் அவனுக்கு உலகமே கிடையாது என்று இந்த மேசையில் குமிழைத் திருகித் திருகி அளந்தவன் நான். என் விசில் அதற்கும் மேலே. அதனால்தான் விசில் அடித்தேன்.

ஒருவேளை அவன் திரும்பியிருந்தால், நான் அளந்தது தப்பு, சேனலில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டிருப்பேன். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் திரும்பவில்லை. பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது? அவனை நான் எச்சரிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இல்லை, டெபுடி, ஓடிப்போக மாட்டேன். இந்த நாட்களில் எனக்கு இருக்கிற ஒரே தொந்தரவு வேறு. அடக்கம் முடிந்ததும் லவோன் இந்த ஆம்பை என்னிடம் கொடுத்துவிட்டாள். "நீதான் வெர்லின் அவருக்கு எல்லாத்தையும் பண்ணுன, நீயே வெச்சுக்கோ," என்று அழுதாள். கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். கிளீன் சேனல் குறைவாக இருக்கிறது. ஆமாம். முதல் வால்வை மாற்றினேன். பின்பக்கத் துளைகளைத் துடைத்தேன். எல்லாவற்றையும் அளந்தேன். திரையில் அலை முழுசாக நிற்கிறது. என்னால் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து வந்து பார்க்கிறேன், சவரம் செய்யும்போது பாதியில் வந்து பார்க்கிறேன்.

இதோ, கேளுங்கள். இந்தத் தந்தி. கேட்டதா?

போதுமான சத்தம் இருக்கிறது என்கிறீர்கள். காதை அடைக்கிறது என்கிறீர்கள். உங்களுக்கு இதில் பழக்கம் கிடையாது, அதனால் சொல்கிறீர்கள். என்னிடம் ஒன்றும் கோளாறு இல்லை. இதற்குள்தான் எங்கோ இருக்கிறது. அந்தக் கைவிலங்கை மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள், இந்த ஒரு வால்வை மாற்றிப் பார்த்துவிடுகிறேன்.